வன்னியில் ஐபோமியாக் கொடிகளை இனம் பிரிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

ஐப்பசி மழை இரண்டு தரம் கொட்டிவிட்டால் வன்னியில் வேலி எது, வெளி எது என்று தெரியாது. முள்ளுக்கம்பி, கிணற்றுக்கட்டு, உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய சில்லு, எல்லாவற்றிலும் கொடி ஏறிவிடும். விடியற்காலையில் பார்த்தால் ஊதா, வெள்ளை, இளமஞ்சள் என்று புனல் மாதிரியான பூக்கள். வெயில் ஏற ஏற அவை சுருண்டுவிடும். "அது ஏதோ காட்டுக்கொடி" என்று சொல்லிவிட்டு நாமும் போய்விடுவோம்.

அந்தக் காட்டுக்கொடிகளில் கணிசமானவை ஐபோமியா என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. முல்லைத்தீவுக் கடற்கரையில் படரும் அடம்பன், குளத்தில் மிதக்கும் கங்குன், சந்தையில் வாங்கி அவிக்கும் வத்தாளங்கிழங்கு, மூன்றுமே ஐபோமியாதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இத்தனை வருடம் தின்றும் மிதித்தும் வந்ததை ஒருநாளும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லையே என்று.

இந்தக் கட்டுரை தாவரவியல் படித்தவர்களுக்கு அல்ல. ஒரு கைவில்லை (பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடி), ஒரு சவர அலகு, ஒரு கொப்பி வைத்துக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம்

இலங்கைப் பாடசாலைப் புத்தகங்களில் குடும்பம், சாதி, இனம் என்று படித்திருப்போம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் சாதி என்பது பேரினம், இனம் என்பது சிற்றினம். இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வந்து குழப்பும். நான் இங்கே நம் பாடசாலைச் சொற்களையே எழுதுகிறேன்.

ஐபோமியா, கொன்வொல்வுலேசியே என்ற குடும்பத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 60 சாதிகள் கொண்ட குடும்பம் அது. அதற்கு மேலே சொலனேல்ஸ் என்ற வருணம். கத்தரியும் மிளகாயும் தக்காளியும் இருக்கும் சொலனேசியே குடும்பமும் அதே வருணம்தான். ஆக, தோட்டத்து மிளகாய்ச் செடியும் அதன்மேல் ஏறி அதை நெரிக்கிற கொடியும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

ஐபோமியா என்ற பெயரைச் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் வைத்தார். கிரேக்கத்தில் புழுவைப் போன்றது என்று பொருள். கொடி நெளிந்து போவதைப் பார்த்து வைத்த பெயர். லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனால் 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கே இருந்த பவுல் ஹெர்மன் காயவைத்துக் கொண்டுபோன செடிகள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றை வைத்து 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். நம் நாட்டுக் கொடிகள் அந்த வகைப்பாட்டின் தொடக்கத்திலேயே இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 1: எப்போது, எங்கே போவது

கார்த்திகை தொடங்கித் தை வரை நல்ல காலம். மாசிக்குப் பிறகு உள்நிலக் கொடிகள் காய்ந்து நார் ஆகிவிடும். கடற்கரையில் அடம்பன் மட்டும் கோடையிலும் பசுமையாகக் கிடக்கும். விடிந்ததிலிருந்து காலை ஒன்பது மணி வரை உங்கள் நேரம். அதற்குப் பிறகு போனால் சுருண்ட பூவைத்தான் பார்க்கலாம்.

காட்டுக்குள் போகத் தேவையில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதி ஓரம், வாய்க்கால் கட்டு, குளக்கட்டு, கைவிட்ட வளவு, இவை போதும். கைவிட்ட வளவு என்றதும் ஒன்று: மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கும் இடத்துக்கும், ஊர்க்காரர் "அங்கால போகாதேங்கோ" என்று சொல்லும் இடத்துக்கும் எந்தப் பூவுக்காகவும் இறங்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் புதிய இடம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். கேட்டால் தேத்தண்ணியும் கிடைக்கும். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசியப் பூங்காக்களில் படம் எடுக்கலாம், பிடுங்கக்கூடாது.

படி 2: அது அந்தக் குடும்பம்தானா?

கொடியாக இருப்பதெல்லாம் ஐபோமியா அல்ல. முதலில் எதைக் கொண்டு ஏறுகிறது என்று பாருங்கள். கார்த்திகைப்பூ இலை நுனியைச் சுருட்டிப் பிடித்து ஏறும். அது வேறு குடும்பம், கிழங்கு முழுக்க நஞ்சு. பாகலும் கொடித்தோடையும் தனியாகச் சுருள் தந்து வைத்திருக்கும். ஐபோமியாவுக்கு அதெல்லாம் இல்லை, தண்டேதான் சுற்றும். மேலேயிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போகும். வேறு பல கொடிகளும் இப்படித்தான் சுற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இலைக்காம்பை ஒடித்தால் பெரும்பாலும் பால் வரும். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும். பூவில் ஐந்து அல்லிகளும் ஒட்டிப் புனலாகிவிட்டன. புனலின் சுவரில் விளிம்பு வரை ஓடும் ஐந்து பட்டைகள் தெரியும். மொட்டில் பூ குடை மடித்தமாதிரி முறுக்கி இருப்பதும் அந்தப் பட்டைகளின் வழியாகத்தான். அடியில் ஐந்து புல்லிகள், பூ விழுந்த பிறகும் காயோடு ஒட்டியே இருக்கும். இவ்வளவும் பொருந்தினால் குடும்பம் சரி.

காக்கட்டான் என்ற பெயரில் கவனம் வேண்டும். சிலர் அந்தப் பெயரால் நீல ஐபோமியாவைச் சொல்வார்கள், சிலர் அவரைக் குடும்பத்துக் கருவிளையைச் சொல்வார்கள். கருவிளைப் பூ புனல் இல்லை, காய் அவரைக்காய் மாதிரித் தட்டையாக இருக்கும்.

படி 3: பூவைப் பிளந்து குறியைப் பாருங்கள்

முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். நிறத்தை நம்பி இனம் சொல்வது, சீலையின் நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி.

பெரிய பூ என்பதால் அடம்பனில் தொடங்குவது சுலபம். அளம்பில் பக்கம் ஒரு கடற்கரையில் நான் முதல் முதல் இதைச் செய்தபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா வந்து நின்று, "அடம்பனுக்குப் போய் ஆரும் படம் எடுப்பினமோ?" என்று சிரித்தார். அவருக்கும் ஒரு பூவைப் பிளந்து காட்டினேன்.

புனலின் விளிம்பிலிருந்து அடி வரை சவர அலகால் ஒரு கீறல் போட்டு, விரித்து, உள்ளங்கையில் வையுங்கள். உள்ளே தொண்டை வெளியைவிட அடர்ந்த ஊதா. ஐந்து கேசரங்கள் சுவரில் ஒட்டி நிற்கும், ஐந்தும் ஒரே நீளம் அல்ல. அவற்றின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மயிர். நடுவில் நூல் போன்ற ஒரே ஒரு தம்பம். அதன் நுனிதான் குறி, மகரந்தம் வந்து ஒட்டும் இடம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கைவில்லையை கண்ணோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு குட்டி உருண்டைகள், மேலே சொரசொரப்பு. அந்த அம்மா வில்லைக்குள் பார்த்துவிட்டு, "இரண்டு நெல்லிக்காய் ஒட்டினமாதிரிக் கிடக்கு" என்றார். அதைவிட நல்ல வருணனையை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

குறி அப்படி உருண்டையாக இருந்தால் ஐபோமியாவின் பக்கம் வந்துவிட்டீர்கள். குறி இரண்டு நீள நூலாகப் பிரிந்தால் கொன்வொல்வுலஸ் என்ற வேறு சாதி. அடியிலிருந்தே இரண்டு தம்பங்கள், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்தால் விஷ்ணுகிராந்தி இருக்கும் எவொல்வுலஸ்.

இதில் நான் அடிபட்ட கதை ஒன்று உண்டு. வாய்க்கால் ஓரங்களில் இளமஞ்சள் பூ, நடுவில் கரும் ஊதாப் பொட்டு. சிறுதாளி, அதாவது ஐபோமியா ஒப்ஸ்கியூரா, என்று எண்ணி இரண்டு மாரி முழுக்க காயவைத்துச் சேர்த்து, அவற்றை வைத்த தாள் ஒற்றைகளில் பெயரும் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் சும்மா குறியைப் பார்த்தால் உருண்டை இல்லை, இரண்டு தட்டை நாக்குகள். புல்லிக்குக் கீழே இலை மாதிரி இரண்டு பூவடிச்செதில்கள் வேறு. அது ஹெவிட்டியா மலபாரிக்கா, சாதியே வேறு. பதினொரு ஒற்றைகளில் ஏழு அதுதான். அழித்தெழுதிய பென்சில் தடம் இன்னும் இருக்கிறது.

குறி உருண்டை என்றாலும் இன்னொரு தடை இருக்கிறது. இதே குடும்பத்து மெரிமியா என்ற சாதியும் அதன் கூட்டாளிகளும் உருண்டைக் குறிதான் வைத்திருக்கும். பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ, பல இனங்களில் மகரந்தக்கூடு வெடித்தபின் முறுக்கிக்கொள்ளும். உறுதியான வேறுபாடு மகரந்தமணியில். ஐபோமியாவின் மணி முழுக்க முள்ளு, மெரிமியாக் கூட்டத்தின் மணி மழுமழுப்பு. தாவரவியலாளர் ஹான்ஸ் ஹாலியர் 1893 இல் இந்தக் குடும்பத்தை இதை வைத்தே இரண்டாகப் பிரித்தார். மணிகள் பெரியவை என்பதால் பாடசாலை நுணுக்குக்காட்டியே போதும். ஒரு துளி தண்ணீரில் மகரந்தத்தைத் தட்டிப் பார்த்தால் ரம்புட்டான் பழம் மாதிரித் தெரியும். தெரிந்த ஆசிரியர் யாரும் இருந்தால் ஆய்வுகூடத்தில் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 4: காயைத் தேடுங்கள்

பூ கிடைக்காத நாளிலும் வேலை நிற்காது. ஐபோமியாவின் காய் காய்ந்து வெடிக்கும், பொதுவாக நாலு விதை, சிலவற்றில் ஆறு. சிவதையின் காய்க்கு மேல்மூடி ஒன்று கழன்று விழும், அதனால் அது ஒபெர்குலினா. அதன் தண்டில் செட்டை மாதிரி ஓரம் இருப்பதும் தடவிப் பார்த்தாலே தெரியும். சமுத்திரப்பச்சையின் காய் வெடிப்பதே இல்லை, இலையின் அடிப்பக்கம் வெள்ளி. அது ஆர்கிரேயா.

புல்லிகளையும் கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள்: நுனி கூரா மொட்டையா, மயிர் உண்டா, ஐந்தும் ஒரே அளவா. இனம் பிரிக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். விதைகளை வாயில் போட்டுப் பார்க்கவேண்டாம். சில இனங்களின் விதையில் மனத்தை மயக்கும் அல்கலொயிட்டுகள் உண்டு.

படி 5: வன்னியில் முதலில் பழகவேண்டியவை

அடம்பன், ஐபோமியா பெஸ்-கப்ரே. கடைசிச் சொல்லுக்கு லத்தீனில் ஆட்டின் அடி என்று பொருள். இலை நுனி நடுவில் பிளந்து குளம்பு போல் இருப்பதால். சங்கப் புலவர் ஒருவர் அதே இலையை மானின் அடி என்றார். ஆடோ மானோ, இரண்டு பேரும் மணலில் குனிந்து பார்த்திருக்கிறார்கள். இலை தடிப்பு, பளபளப்பு. இலைக்காம்பு இலையைத் தொடும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். எறும்பு அந்த இடத்தையே சுற்றினால் உற்றுப் பாருங்கள், தேன் குடிக்கிறது. விதையில் தவிட்டு நிற மயிர். விதை கடலில் மிதந்து போகும், அதனால்தான் வெப்பமண்டலக் கடற்கரை எங்கும் இந்தக் கொடி இருக்கிறது. கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்வது சும்மா இல்லை, ஒரு முழத்தைப் பிடுங்கிப் பாருங்கள் தெரியும். மன்னார்ப் பக்கத்தில் அடம்பன் என்று ஊரே இருக்கிறது.

வள்ளைக்கீரை, ஐபோமியா அக்குவாட்டிக்கா. கடையில் கங்குன் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். தண்டு உள்ளே கோறை, அதனால் குளத்தில் மிதக்கும். பூ வெள்ளை அல்லது இளம் ஊதா. சந்தைக்கு வெட்டிவிடுவதால் பூவைப் பார்க்க வாய்க்கால் பக்கம்தான் போகவேண்டும். இரணைமடுவின் கீழ் வாய்க்கால்களில் தேடலாம்.

வத்தாளை, ஐபோமியா பட்டாட்டாஸ். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. கொடித்துண்டு நட்டே வளர்ப்பதால் பூவை யாரும் கவனிப்பதில்லை. அடம்பன் பூவின் சிறுத்த பதிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தில் இலை இதயமாகவும் விரல் விரித்த கையாகவும் வகைக்கு வகை மாறுவதைத் தோட்டத்தில் பார்த்தால், இலையை மட்டும் வைத்து ஏன் பெயர் சொல்லக்கூடாது என்று விளங்கும்.

புலிச்சுவடி, ஐபோமியா பெஸ்-திக்ரிடிஸ். லத்தீனிலும் புலியின் அடிதான். ஐந்து முதல் ஒன்பது மடலாகப் பிரிந்த இலை, முழுக்க மயிர், வெள்ளைப் பூக்கள் கூட்டமாகச் செதில்களுக்குள் இருக்கும். பார்வைக்குச் சாதாரணம், ஆனால் இந்தக் கொடியைப் பற்றி அடுத்த படியில் பேச இருக்கிறது.

பால்முதுக்கன், பெரிய கிழங்கும் விரல் விரித்த இலையும் ஊதாப் பூவும். மயில்மாணிக்கம், சீப்பு மாதிரி இலையும் சிவப்புப் பூவும், வீட்டு வாசலில் நட்டது வேலிக்கு ஓடிவந்திருக்கும். குளக்கரையில் கொடியாக இல்லாமல் ஆளுயரப் புதராக நின்று இளஞ்சிவப்புப் பூக்கிறதே, அதுவும் ஐபோமியாதான், ஐபோமியா கார்னியா. தமிழ்நாட்டில் நெய்வேலிக் காட்டாமணக்கு என்பார்கள். நெய்வேலியில் பிறந்ததும் இல்லை, ஆமணக்கும் இல்லை, அமெரிக்கச் செடி. ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துத் தள்ளாடும், ஆடு கட்டும் கட்டையை அதன் பக்கம் அடிக்காதீர்கள்.

படி 6: பெயர் ஏன் மாறுகிறது?

கொஞ்சம் தேடத் தொடங்கியதும் ஒரே கொடிக்கு மூன்று லத்தீன் பெயர் கண்ணில் படும். பயப்படவேண்டாம். லின்னேயஸ் அடம்பனைக் கொன்வொல்வுலஸ் சாதியில்தான் வைத்தார். பிறகு ராபர்ட் பிரவுன் அதை ஐபோமியாவுக்கு மாற்றினார். பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒருவரும் வெளியே இன்னொருவரும் இருந்தால், உள்ளே இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர், வெளியே இருப்பவர் இடம் மாற்றியவர். காணி உறுதியில் பழைய உரிமையாளர் பெயர் இருக்கிற மாதிரி. மயில்மாணிக்கம் ஒரு காலத்தில் குவாமொக்லிட் என்று தனிச் சாதி, நீலக் காக்கட்டான் பார்பிட்டிஸ், இரவில் பூக்கும் நிலாப்பூக் கொடி கலோனிக்டியொன். எல்லாம் இப்போது ஐபோமியாவுக்குள். மெரிமியாவிலோ நேர்மாறு, ஒரு சாதியாக இருந்தது உடைந்து பலவாகிவிட்டது. முதியார் கூந்தல் இப்போது செனொஸ்டேஜியா.

மரபணுவை வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் பெரிய சிக்கல் வந்தது. ஆர்கிரேயா போன்ற சாதிகள் ஐபோமியாவுக்கு வெளியே இல்லை, அதன் கிளைகளுக்குள்ளேயே முளைத்திருக்கின்றன. ஐபோமியாவை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அது முழுமையான வம்சம் ஆகாது. தீர்வு இரண்டு. எல்லாவற்றையும் ஐபோமியா என்றே சேர்த்துக்கொள்வது ஒன்று. 2019 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அந்தப் பக்கம் நிற்கிறது. அப்படிச் சேர்த்தால் 800க்கு மேல் இனங்கள். ஐபோமியாவை உடைப்பது மற்றது.

உடைத்தால்தான் புலிச்சுவடி மேடைக்கு வருகிறது. ஒரு சாதியின் பெயர் ஓர் இனத்தோடு ஆணியடித்து வைக்கப்படும், அதை மாதிரி இனம் என்று வைத்துக்கொள்வோம். ஐபோமியாவுக்கு அந்த ஆணி புலிச்சுவடி. மரபணு மரத்தில் புலிச்சுவடி ஒரு கிளையிலும் வத்தாளை வேறு கிளையிலும் நிற்கின்றன. உடைத்தால் ஐபோமியா என்ற பெயர் புலிச்சுவடியோடு போய்விடும், உலகமே தின்கிற வத்தாளைக்குப் புதுப்பெயர் தேடவேண்டி வரும். அதனால் ஆணியைப் பிடுங்கி வேறோர் இனத்தில் அடிக்கலாம் என்று 2020 இல் ஒரு முன்மொழிவு வந்தது. வேலிக்கரையில் யாரும் திரும்பிப் பார்க்காத கொடிக்கு இவ்வளவு செல்வாக்கு.

உங்களுக்கு இதில் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒற்றையில் பெயரோடு, எந்தப் புத்தகத்தையோ தளத்தையோ பார்த்து அந்தப் பெயரை எழுதினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். இலங்கை இனங்களுக்கு 1980 இல் டானியல் ஒஸ்டின் எழுதிய விவரணை இன்னும் நல்ல துணை. பெயர்கள் சில பழசாகிவிட்டன, வருணனைகள் பழசாகவில்லை.

படி 7: காயவைத்துச் சேர்ப்பது

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் ஒரு ஷொப்பிங் பை நிறையப் பூ கொண்டுவந்தேன். இறங்கும்போது பைக்குள் ஊதாக் கஞ்சி. ஐபோமியாப் பூ அவ்வளவு மெல்லியது, பறித்த இடத்திலேயே அழுத்த வேண்டும். பழைய பத்திரிகைத்தாள் ஒரு கட்டு, இரண்டு பலகை, ஒரு சைக்கிள் ரியூப் போதும். ஒரு பூவைப் பிளந்து விரித்து மெல்லிய திசுத்தாளுக்குள் வையுங்கள், இன்னொன்றை முழுசாக வையுங்கள். திசுத்தாளைக் காயும் வரை உரிக்கக்கூடாது, உரித்தால் பூவும் வரும். மாரியில் ஈரம் அதிகம் என்பதால் வெளித்தாளை நாளுக்கு இரண்டு தரம் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நாலைந்து நாளில் சரி.

ஒவ்வொரு ஒற்றையிலும் இடம், திகதி, மண் எப்படி, உயிரோடு இருந்தபோது பூவின் நிறம், பால் வந்ததா, உள்ளூர்ப் பெயரை யார் சொன்னது (பெயர் வேண்டாம், "வலைக்கார அம்மா" போதும்) என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். குறியை வில்லைக்குள் வைத்து போனால் ஒரு படம் எடுத்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் மற்றப் படங்களோடு போட்டால், தெரிந்தவர்கள் திருத்துவார்கள். பூவின் முகத்தை மட்டும் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சந்தேகம் தீராத ஒற்றைகளை ஒப்பிட்டுப் பார்க்க பேராதனையில் தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. போகுமுன் அறிவித்துவிட்டுப் போங்கள்.

பெயர் தெரியாவிட்டால் "ஐபோமியா, இனம் ?" என்று எழுதி வைப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன. அதில் ஒன்று முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரத்தில் எடுத்தது: வெள்ளைப் பூ, உருண்டைக் குறி, மணியில் முள்ளு, ஆனால் காய் கிடைக்கவில்லை. தை பிறந்ததும் அதே மதகடிக்கு ஒரு நடை போகவேண்டும், அதற்குள் யாரும் வாய்க்காலைத் துப்புரவு செய்யாமல் இருந்தால் சரி.